கோட்டுக்குக் கீழே யார்?

இதயத் தமனி அடைப்பை நீக்கும் மருத்துவர் ஒருவர் தன்னைக் கெட்டிக்காரராகக் காட்டிக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. பிழைப்பது சந்தேகம் என்று தோன்றும் நோயாளியைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அந்த நோயாளி இறந்தால் அது நோயால் நேர்ந்த சாவு. மருத்துவரின் பெயருக்கு எதிரே ஏறாது. தொட்டபிறகு இறந்தால்தான் ஏறும். இந்த வழியைத் திறந்துவிட்டவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். சிகிச்சையின் தரத்தை அளந்து மக்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மனதார விரும்பியவர்கள்.

நியூயார்க் மாநிலத்தில் நடந்தது இது. அங்கே பைபாஸ் அறுவைச் சிகிச்சையில் மருத்துவமனைக்கு மருத்துவமனை சாவு விகிதம் பெரிதும் வேறுபட்டது. மாநில சுகாதாரத் துறை 1989 முதல் பைபாஸ் செய்துகொண்ட ஒவ்வொருவரைப் பற்றியும் விவரம் திரட்டியது. மருத்துவமனை வாரியாக முடிவுகளை வெளியிட்டது. மருத்துவர்களின் பெயரைச் சொல்லத் தயங்கியது. நியூஸ்டே நாளிதழ் நீதிமன்றம் போய் அந்தப் பட்டியலைப் பெற்றது. 1991 டிசம்பரில் அறுவை மருத்துவர்களின் பெயர்கள் அவரவர் சாவு விகிதத்தோடு செய்தித்தாளில் அச்சாயின. ஒரு தொழிலின் உள்ளறைக் கணக்கு இப்படித் தெருவுக்கு வந்ததற்கு அதற்கு முன் எடுத்துக்காட்டு அதிகம் இல்லை.

பலன் கிடைத்தது. நோயின் கடுமையைக் கணக்கில் கொண்டு பார்த்தால் 1989இல் 4.17 சதவீதமாக இருந்த சாவு விகிதம் 1992இல் 2.45 சதவீதமாக இறங்கியது. அல்பனி நகரின் செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையில் நடந்ததை இதற்கு நல்ல சான்றாகச் சொல்வார்கள். அவர்களுடைய எண்கள் மோசமாக இருந்தன. ஏன் என்று தோண்டியபோது, திட்டமிட்ட அறுவைகளில் குறை இல்லை, அவசர அறுவைகளில்தான் சாவு மிகுதி என்று தெரிந்தது. நிலைகுலைந்து வந்தவர்களை அப்படியே அறுவை மேசைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதலில் நோயாளியின் நிலையைச் சீராக்கிவிட்டுப் பிறகு அறுப்பது என்று முறையை மாற்றினார்கள், சாவு குறைந்தது. கத்தி பிடித்த கை அதே கைதான். கணக்கு மட்டும் வந்திராவிட்டால் அந்த மருத்துவர்கள் தங்கள் ஊரின் நோயாளிகளுக்கு விதி சரியில்லை என்று நம்பியே காலத்தைக் கழித்திருப்பார்கள். அளப்பதை எதிர்த்து எழுதப்படுகிற எதையும் நான் இதனால்தான் எளிதில் ஏற்பதில்லை.

நம்மூரில் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய மருத்துவர்கள் உண்டு. அவரிடம் போகிறவர்கள் எவ்வளவு நோயோடு போகிறார்கள், முடியாது என்று அவர் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. நியூயார்க் அந்தக் கேள்வியைக் கேட்க முயன்றது. வயது, சர்க்கரை நோய், சிறுநீரகத்தின் நிலை, இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன், முன்பே அறுவை நடந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படிவம் நிரப்பப்பட்டது. மாநிலம் முழுவதன் அனுபவத்தை வைத்து, இப்படிப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று எதிர்பார்ப்பு எண் ஒன்று கணக்கிடப்பட்டது. உண்மையில் இறந்தவர்களை அந்த எண்ணோடு ஒப்பிட்டார்கள். கடினமான நோயாளிகளை ஏற்கும் மருத்துவருக்கு அநீதி நேரக்கூடாது என்பதே இதன் நோக்கம். நேர்மையான நோக்கம்.

ஆனால் படிவத்தை நிரப்புவது யார்? அளக்கப்படும் மருத்துவமனையேதான். 1989இல் பைபாஸ் நோயாளிகளில் 6.9 சதவீதத்தினருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதாகப் பதிவாகியிருந்தது, 1991இல் 17.4 சதவீதத்தினருக்கு. இரண்டே ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் நுரையீரல்கள் அப்படிக் கெட்டுப்போகாது. முன்பு எழுதாமல் விட்டதை ஒழுங்காக எழுதத் தொடங்கினார்கள் என்பது ஒரு பாதி. எழுதினால் எதிர்பார்ப்பு எண் கூடும், அதனால் தம் கணக்கு அழகாகும் என்று தெரிந்துகொண்டார்கள் என்பது மறுபாதி. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் இதில் கனமான செய்தி.

இதே கணக்கு ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வந்தபோது சிக்கல் வேறு முகம் கொண்டது. அடைபட்ட தமனிக்குள் பலூனைச் செலுத்தி விரித்து, ஸ்டென்ட் என்னும் கம்பிவலையை வைக்கும் இந்தச் சிகிச்சை 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் ஆந்திரேயாஸ் கிரன்ட்சிக் கையால் பிறந்தது. அப்போது வெறும் பலூன் மட்டும். வலி சீராக இருக்கும் ஒருவருக்கு நாள் குறித்துச் செய்யும்போது சாவு மிக அரிது. மாரடைப்பின் உச்சத்தில், இதயம் ரத்தத்தை வெளியேற்ற முடியாமல் துவண்டு, ரத்த அழுத்தம் விழுந்து, கைகால் சில்லிட்டு வரும் ஒருவருக்குச் செய்யும்போது கதை முற்றிலும் வேறு. இதய அதிர்ச்சி நிலை என்று இதைச் சொல்கிறார்கள். 1999இல் வெளியான 302 நோயாளிகளின் ஆய்வு ஒன்று இவர்களைப் பற்றியது. உடனடியாகத் தமனியைத் திறந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 50.3 சதவீதம், முதலில் மருந்தோடு நிறுத்திப் பார்த்தவர்களில் 63.1 சதவீதம். நூற்றுக்குப் பதின்மூன்று உயிர் என்பது மருத்துவத்தில் மாபெரும் லாபம். ஆனால் அந்த லாபத்தை ஈட்டித்தந்த மருத்துவரின் கணக்கேட்டில் ஐம்பது சாவு இருக்கும்.

ஆண்டுக்கு நூறு பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்கிறவருக்குச் சராசரியாக ஒரு சாவு என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் அதிர்ச்சி நிலையில் வந்த நான்கு பேரை அவர் ஏற்கிறார். இரண்டு பேரைக் காப்பாற்றுகிறார். இரண்டு பேர் இறக்கிறார்கள். அவருடைய சாவு விகிதம் மும்மடங்காகிவிட்டது. படிவத்தில் அதிர்ச்சி நிலைக்கு ஒரு கட்டம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அழுத்தம் சற்றே விழுந்தவரும், வழியெல்லாம் மார்பை அழுத்திக்கொண்டே கொண்டுவரப்பட்டவரும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

மருத்துவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவர்களே சொன்னார்கள். 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில் நியூயார்க்கின் இதயத் தமனிச் சிகிச்சை மருத்துவர்களிடம் கேட்டபோது, சாவு விகிதம் வெளியிடப்படும் என்ற நினைப்பு தங்கள் முடிவைப் பாதிக்கிறது என்று 79 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டார்கள். பயன்பெறக்கூடிய நோயாளிகளுக்கு இதனால் சிகிச்சை கிடைக்காமல் போகலாம் என்று 83 சதவீதத்தினர் சொன்னார்கள். 2012இல் இன்னொரு ஆய்வு, கணக்கை வெளியிடும் நியூயார்க், மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா மாநிலங்களை மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டது. மாரடைப்போடு வந்த முதியவர்களில் ஆஞ்சியோபிளாஸ்டி பெற்றவர்கள் அந்த மூன்று மாநிலங்களில் 37.7 சதவீதம், மற்றவற்றில் 42.7 சதவீதம். மிகவும் முடியாத நிலையில் இருந்தவர்களிடம்தான் இந்த வேறுபாடு அதிகம்.

பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவதற்காகச் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகளை நமக்குத் தெரியும். அந்தப் பள்ளியின் நூறு சதவீதம் பொய்யில்லை. வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைதான் அந்தச் சதவீதத்துக்குள் இல்லை.

பின்னத்தில் கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி என்று பள்ளியில் படித்தோம். இதயச் சிகிச்சையின் தரம் பற்றி இத்தனை ஆண்டுகளாக நடந்த வாதங்களை வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. எல்லோரும் கோட்டுக்கு மேலே உள்ள எண்ணையே பார்க்கிறோம்: எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேருக்கு ஸ்டென்ட் சரியாக உட்கார்ந்தது, எத்தனை நிமிடத்தில் பலூன் விரிந்தது. கோட்டுக்குக் கீழே யாரைச் சேர்த்தோம் என்பதில்தான் எல்லா நியாயமும் அநியாயமும் குடியிருக்கின்றன. நியூயார்க் 2006 முதல் அதிர்ச்சி நிலையில் வந்தவர்களை வெளியிடும் கணக்கிலிருந்து விலக்கியது. அதன்பின் அவர்களுக்குச் சிகிச்சை கூடியது, சாவும் குறைந்தது. நல்லதுதான். ஆனால் எண்ணாமல் விட்டதால்தான் அவர்களைத் தொடத் துணிந்தார்கள் என்பது அளவைக் கருவிக்குப் பெருமை சேர்க்கும் செய்தி இல்லை.

இதே கோட்டுக்கு மறுபக்கமும் ஒரு கதவு உண்டு. சாகக்கூடியவர்களை வெளியே நிறுத்தினால் விகிதம் அழகாவதுபோல, சிகிச்சையே தேவைப்படாதவர்களை உள்ளே சேர்த்தாலும் அழகாகும். நலமாக இருக்கும் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தால் அவர் பெரும்பாலும் மறுநாளே நடந்து வீட்டுக்குப் போவார். சாவு விகிதக் கணக்கு அதைத் தரமான சிகிச்சை என்றே எழுதிக்கொள்ளும்.

தேவைப்படாதவர்கள் அவ்வளவு பேரா என்று கேட்கலாம். 2007இல் வெளியான கரேஜ் ஆய்வில், மாரடைப்பு இல்லாமல் சீரான நெஞ்சுவலி மட்டும் இருந்த 2,287 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட்டும் பெற்றவர்களுக்கு, மருந்து மட்டும் பெற்றவர்களைவிடச் சாவோ மாரடைப்போ குறையவில்லை. இவர்களுக்கு ஸ்டென்ட் தருவது வலியிலிருந்து விடுதலை. ஆயுளை நீட்டுவதாக அது நிரூபிக்கப்படவில்லை. இந்தச் செய்தி நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆஞ்சியோ என்னும் தமனிப் படம் எடுத்துவிட்டு வந்தவரிடம் உறவினர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை அடைப்பு, எத்தனை பர்சென்ட்? எண்பது என்று பதில் வந்தால் கூடம் அமைதியாகிவிடும். மறுத்துப் பேச யாருக்கும் நா எழாது. அந்த எண்பது பெரும்பாலும் திரையைப் பார்த்து ஒரு கண் சொன்ன மதிப்பீடு என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தமனிக்குள் மெல்லிய கம்பியை விட்டு, அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் முறை இருக்கிறது. 2009இல் வெளியான ஃபேம் ஆய்வில் அப்படி அளந்தபோது, கண்ணுக்கு 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் ரத்த ஓட்டத்தை உண்மையில் தடுத்துக்கொண்டிருந்தது.

அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2009இல் யாருக்குச் செய்வது தகும், யாருக்குத் தகாது என்று வரையறை வகுத்தன. அதை வைத்து ஐந்து லட்சம் சிகிச்சைகளைச் சோதித்து 2011இல் முடிவு சொன்னார்கள். அவசர நிலையில் செய்தவை ஏறக்குறைய எல்லாமே தகுந்தவை. அவசரமில்லாமல் செய்தவற்றில் சரிபாதிதான் ஐயமின்றித் தகுந்தவை, 11.6 சதவீதம் தகாதவை, மீதி இரண்டுங்கெட்டான். அடுத்த சில ஆண்டுகளில் தகாதவற்றின் விகிதம் வேகமாகக் குறைந்தது. தேவையற்ற சிகிச்சை குறைந்ததா, நோயாளியின் வலி காகிதத்தில் கூடியதா என்று அப்போதும் கேட்டார்கள். நுரையீரல் நோய் கூடிய அதே வழிதான்.

நேரத்தை அளந்தது இவற்றையெல்லாம்விட நேர்மையான முயற்சி என்று எனக்குத் தோன்றும். மருத்துவமனைக் கதவைத் தாண்டியதிலிருந்து பலூன் விரியும் வரை 90 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது என்று வைத்தார்கள். இதில் ஏமாற்ற இடம் குறைவு. கடிகாரம் யார் பக்கமும் சாயாது. ஆம்புலன்ஸிலிருந்தே ஈசிஜி அனுப்புவது, கேத் லேப் எனப்படும் ஆஞ்சியோபிளாஸ்டிக் கூடத்தை அவசரப் பிரிவு மருத்துவரே எழுப்பிவிட அனுமதிப்பது, ஒரே அழைப்பில் அனைவரையும் வரவழைப்பது என்று நடைமுறைகள் மாறின. அமெரிக்காவில் 2005-06இல் 83 நிமிடமாக இருந்த இடைநிலை நேரம் 2008-09இல் 67 ஆனது. ஆனால் மருத்துவமனைக்குள் நேர்ந்த சாவு ஏறத்தாழ அசையாமல் நின்றது. 2013இல் இது வெளியானபோது பலர் மனம் தளர்ந்தார்கள். இத்தனை ஓட்டமும் வீணா என்று கேட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு குழு அதே பதிவேட்டை நோயாளி நோயாளியாகப் பிரித்துப் பார்த்தது. விரைவாகச் சிகிச்சை பெற்ற தனிநபர் பிழைக்கும் வாய்ப்பு கூடியே இருந்தது. ஆண்டுகள் போகப் போக முன்பு இந்தச் சிகிச்சைக்கே வராத நோயாளிகள் உள்ளே வந்துகொண்டிருந்திருக்கலாம், அதனால்தான் மொத்தச் சாவு குறையவில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். மறுபடியும் கோட்டுக்குக் கீழே ஆட்கள் மாறியிருக்கிறார்கள். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். ஒவ்வொரு நோயாளியும் ஓராண்டுக்குப் பிறகு என்ன ஆனார் என்று தேடிக் கண்டு எழுதிவைக்க வேண்டும், குறையிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும், அதை அச்சிட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றார். சக மருத்துவர்கள் விரும்பவில்லை. தான் பணியாற்றிய பெரிய மருத்துவமனையிலிருந்து விலகினார், தனியாக ஒரு சிறிய மருத்துவமனையும் நடத்தினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 பேரின் கணக்கை வெளியிட்டார். அதில் தங்கள் பிழைகள் 123 என்று தானே எழுதினார். அவர் புகழோடு மறையவில்லை. கல்லறையில் பெயர்க்கல்கூடப் பல ஆண்டுகள் இல்லை. நியூயார்க் பட்டியலையும் காட்மனின் ஏட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பட்டியல் மருத்துவரைப் பயமுறுத்தியது. ஏடு மருத்துவரைக் கற்கவைத்தது. இரண்டுமே வெளிப்படையானவைதான். முன்னது மருத்துவர்களை வரிசையில் நிறுத்தியது. பின்னது ஒரு மனிதரை வீடு வரை பின்தொடர்ந்தது.

இந்தியாவுக்கு வந்தால், நாம் இன்னும் பட்டியலின் கட்டத்துக்கே வரவில்லை. எந்த மருத்துவமனையில் எத்தனை ஆஞ்சியோபிளாஸ்டி நடந்தது, அவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்து இருக்கிறார்கள் என்று பொதுமக்கள் பார்க்கும்படி இங்கே வெளியிடுவதில்லை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் அப்போது 29,600 ரூபாய். பெரிய நிம்மதி. ஆனால் விலையை அறிந்துகொள்ளும் உரிமை வந்த அளவுக்கு விளைவை அறிந்துகொள்ளும் உரிமை வரவில்லை.

நம் நிலையில் கோட்டுக்குக் கீழே யார் என்ற கேள்வி அமெரிக்காவைவிடக் கூர்மையானது. கிரியேட் என்ற பதிவேடு 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு வந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்கள் வலி தொடங்கி மருத்துவமனை சேர இடைநிலையாக ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. வாய்வுப் பிடிப்பு என்று சோடா குடித்த நேரமும், பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்ட நேரமும், பணம் புரட்டிய நேரமும் அதற்குள்தான் இருக்கின்றன. ஏழைகளில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 8.2 சதவீதம், வசதி படைத்தவர்களில் 5.5 சதவீதம். பெற்ற சிகிச்சையில் இருந்த வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால் இந்த இடைவெளி மறைந்துபோனது. அதாவது ஏழையின் இதயம் பலவீனமானது அல்ல. அவருக்குச் செய்யப்படாதவை அதிகம். ஆறு மணி நேரம் கழித்து வந்தவருக்கு நட்சத்திர மருத்துவமனை ஒன்று 60 நிமிடத்தில் பலூன் விரித்துவிட்டுத் தன் தரத்தைச் சுவரில் எழுதிக்கொண்டால், அந்த எண் யாருடைய நோயைப் பற்றியது?

இந்தக் கேள்விக்குச் சரியான திசையில் பதில் தேடிய முயற்சி தமிழ்நாட்டிலேயே நடந்தது என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசரி முதலானோர் முன்னின்று நடத்திய திட்டம் அது. எல்லோருக்கும் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி என்ற அமெரிக்கக் கனவை அவர்கள் அப்படியே நகலெடுக்கவில்லை. கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையைச் சுற்றி, அது இல்லாத சிறிய மருத்துவமனைகளைக் கோத்தார்கள். ஈசிஜி எடுத்து உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, தூரமென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிடுவது, பிறகு 108 ஆம்புலன்ஸில் ஏற்றி ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ எடுப்பது, செலவை அரசுக் காப்பீட்டில் சேர்ப்பது என்று வழி வகுத்தார்கள். 2,420 நோயாளிகளின் கணக்கு 2017இல் வெளியானது. ஆஞ்சியோ எடுக்கப்பட்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமானார்கள், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள்.

இந்த எண்களில் என்னை ஈர்ப்பது குறைவு மட்டும் இல்லை. 17.6 என்ற எண்ணைச் சொல்லத் துணிந்ததுதான் பெரிது. விளம்பரப் பலகைகளில் நாம் பார்க்கும் 99 சதவீத வெற்றியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள் பலூன் விரித்து மேசையிலிருந்து இறங்கியவர்கள். இங்கே நிற்பவர்கள் மாரடைப்போடு ஏதோவொரு மருத்துவமனைக்குள் வந்தவர்கள்: பலூன் கிடைத்தவரும் கிடைக்காதவரும், சிறிய ஊரில் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவரும். கணக்கும் டிஸ்சார்ஜ் அன்று மூடப்படவில்லை. ஓராண்டு வரை போனது. எண் அசிங்கமாகத்தான் வரும். உண்மையான எண் அதுதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு ஆஞ்சியோபிளாஸ்டிக்கும் முன் அனுமதி கேட்கப்படுகிறது. பதிவு இருக்கிறது, பணம் கொடுத்த கணக்கு இருக்கிறது. 108இன் அழைப்புகள் நேரத்தோடு பதிவாகின்றன. இவற்றை இணைத்து, மருத்துவர்களின் பெயரை வரிசைப்படுத்தாமல், மாவட்ட வாரியாக மூன்று எண்களை மக்கள் நல்வாழ்வுத் துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மாரடைப்போடு வந்தவர்கள் எத்தனை பேர். அவர்களில் உரிய நேரத்துக்குள் ஊசியோ பலூனோ கிடைத்தவர்கள் எத்தனை பேர். ஓராண்டு கழித்து உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர். மாரடைப்பு இல்லாமல் ஸ்டென்ட் வைக்கச் சொல்லப்படுகிற வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை பர்சென்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். இது என் வலியைக் குறைப்பதற்கா, ஆயுளைக் கூட்டுவதற்கா, மருந்து மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொல்கிற மருத்துவரிடம் போங்கள்.